குடிலுக்கு வந்த சரக்குக் கப்பல்

அன்னிக்கு ஹாலில் இருந்தவங்க. அம்மா. வரன் கொண்டுவந்த மாதா கோயில் உபதேசியார். மாப்பிள்ளை, ஸ்கூல் வாத்தியார். மாப்பிள்ளையோட அம்மா. கதவுக்குப் பின்னால் என் தங்கை பிலோமினா. சுவரில் அப்பா, படமாக. (செத்து ரெண்டு வருஷம்.) மூலையில் நான். இன்னொருத்தரும் இருந்தாங்கன்னு மாப்பிள்ளையோட அம்மா கடைசிவரைக்கும் சொன்னாங்க. நான் பார்க்கலை.

கெடுத்தது நான்தான். அதை முதலில் சொல்லிடறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். துபாய் மாமா ஒரு அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு அழுத்தினா ஒட்டிக்கிற பிளாஸ்டிக் கட்டைகள். பெட்டிமேல் படம்: வானத்தில் சரக்கு ஏத்திக்கிட்டுப் போற கப்பல். 'பிள்ளைகளுக்கு'ன்னு எழுதியிருந்தது. எங்க வீட்டில் பிள்ளைகள்னா எனக்கு முப்பது வயசு, தங்கைக்கு இருபத்தாறு. மாமா ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு.

நான் ஆறாவதோட நின்னவன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கற வேலை. படத்தைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. இது கூட்ஸ் வண்டி. மேலே போகுது, அவ்வளவுதான். முன்னால் இன்ஜின், பின்னால் நாலு பெட்டி. தனித்தனியாக் கழட்டலாம், மாட்டலாம். படத்தில் சக்கரம் இல்லை. நான் வெச்சேன். சக்கரம் இல்லாத சரக்கு வண்டி கட்ட எனக்குக் கை வராது.

அதைக் கொண்டுபோய்க் கிறிஸ்துமஸ் குடிலில் வெச்சேன்.

"ஒட்டகம் எங்கடா?" அம்மா கேட்டாள்.

"கால் உடைஞ்சுபோச்சு. பாலன் இயேசுவைப் பார்க்க மூணு ராசாவும் இதில் வர்றாங்க."

"பெட்டி நாலு இருக்கே?"

"ஒண்ணு அவங்க துணிமணிக்கு."

அம்மா சிலுவை போட்டுக்கிட்டாள்.

மூணு ராசா திருநாளுக்கு முந்தின ஞாயிறு. சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் பார்க்க வர்றாங்க. அதுக்கு முன்னால் வந்த வரன் எல்லாம் காபியோட போயிடுச்சு. இந்த மாப்பிள்ளையைத் தங்கை கோயிலில் பார்த்திருக்கிறாள். "அண்ணே, இது மட்டும் கெட்டுப்போகக் கூடாது"ன்னாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை.

வீடு லட்சணமா இருக்கணும்னு எனக்கும் தோணிச்சு. காலி வண்டி கண்ணை உறுத்திச்சு. பூசைக்குப் போறதுக்கு முன்னால் நாலு பெட்டியிலும் கொண்டைக்கடலை ஏத்தினேன். மூட்டை அடுக்கற கை. ஒரு கடலை அசையாம அடைச்சு மூடினேன். (யாரும் சொல்லலை. நானேதான்.)

குடில் முன்னால் புல்லுக்காக மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கப் போட்டிருந்தோம். கப்பல் அந்தப் புல்லில்தான் நின்னது. விருந்தாளி வர்றாங்களேன்னு அம்மா அன்னிக்கு ஒரு செம்புத் தண்ணியை முழுசா ஊத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு வந்தாங்க. மழை மூட்டம். உட்கார்ந்ததும் கரண்ட் போச்சு. குடிலில் ஒத்தை மெழுகுவத்தி. மாப்பிள்ளையோட அம்மா சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தாங்க.

"எப்படித் தவறினாங்க?"

"தூக்கத்திலேயே போயிட்டாருங்க," அம்மா சொன்னாள்.

"கஷ்டப்படாம?"

"நிம்மதியாத்தாங்க."

டக்.

எல்லாரும் மேலே பார்த்தாங்க.

"பல்லியா இருக்கும்," உபதேசியார் சொன்னார்.

"பல்லி இப்படியாங்க சொல்லும்?"

டக். டக்.

சத்தம் குடிலுக்குள்ளேயிருந்து வந்தது. பாலனைப் பார்த்தேன். அவர் சும்மா படுத்திருந்தார். மெழுகுவத்தி ஆடலை. காத்தே இல்லை. நானும் சிலுவை போட்டுக்கிட்டேன். (கடலை ஞாபகமே வரலை. மூளை அவ்வளவுதான்.)

மாப்பிள்ளையோட அம்மா ஜெபமாலையை எடுத்தாங்க. "இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு ஏதும் குறை இருக்கா?"

அப்பா படத்தையே பார்த்து அம்மா கேட்டாள். "இருக்கா?"

டக்.

கடைசிப் பெட்டியோட கூரை மெதுவா மேலே எழும்பிச்சு. யார் கையும் படலை. இடுக்கில் ஒரு சின்ன மண்டை. வெளுத்து, தோல் சுருங்கி, மூக்கோட. அதுக்குப் பின்னால் இன்னொண்ணு.

"மாதாவே! தலை தெரியுது!"

அப்போ கொக்கி விட்டுச்சு. பெட்டி வண்டியை விட்டுப் பிரிஞ்சு, புல்லைவிட்டு இறங்கி, சிமெண்டுத் தரையில் உருண்டு வந்தது. அவசரமே இல்லை. மாப்பிள்ளையோட அம்மா காலடியில் வந்து நின்னது.

உபதேசியார் அதுக்குள்ளே தெருவில் இருந்தார். அந்தம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு, "எழுந்திரு ராசா!"ன்னாங்க. மாப்பிள்ளை வாயில் முறுக்கு. எழுந்திரிக்கலை. கதவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.

"யாருங்க சிரிக்கிறது?" மாப்பிள்ளை என்னைக் கேட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"தங்கச்சிங்க."

"உசுரோட இருக்கிறவங்கதானே?"

"ஆமாங்க."

"அப்போ சரி. அம்மா, நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டிருங்க. நான் காபி குடிச்சிட்டு வரேன்."

குனிஞ்சு பெட்டியை எடுத்தேன். கடலை. காலையில் நான் ஏத்தினது. தண்ணியில் ஊறி ரெண்டு மடங்கா உப்பியிருந்தது. மாப்பிள்ளைகிட்டே காட்டினேன். அவர் பார்க்கலை. கதவைப் பார்த்துக்கிட்டிருந்தார். காபி குடிச்சு முடிக்க ஏழு மணி ஆச்சு.

மறுநாள் பெட்டியும் ஊறின கடலையுமா ஸ்ரீரங்கம் போனேன். மாப்பிள்ளையோட அம்மா கதவைத் திறக்கலை. ஜன்னல் வழியாத்தான் பேச்சு. எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க.

"கடலை உப்பிச்சு, மூடி திறந்துச்சு. சரி. உருட்டினது யாரு?"

"தரை சாய்மானங்க."

சொல்லிட்டு வந்துட்டேன். வந்து ஹாலில் ஒரு குடம் தண்ணி ஊத்திப் பார்த்தேன். தண்ணி குடில் இருந்த மூலைக்குத்தான் ஓடிச்சு.

துடைச்சுட்டேன். அம்மாகிட்டே சொல்லலை.

இப்பவும் வீட்டில் கடலை ஊறப்போட்டா மாப்பிள்ளை பாத்திரத்துக்கு முன்னால் கைகட்டி நின்னு, அப்பாவைக் கேட்கிற மாதிரி கேட்பார். "மாமா, இந்தச் சம்பந்தத்தில் குறை ஏதும் இருக்குங்களா?" தங்கை உள்ளேயிருந்து 'டக்'கும்பாள். நான் அந்தப் பக்கம் போறதில்லை.

கல்யாணம் நடந்துச்சு. ஆனா அதுக்குள்ளே அந்தம்மா சொந்தக்காரங்ககிட்டே ஒருத்தர் விடாம எங்க வீட்டு ஆவிக் கதையைச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஏத்திவர ஸ்ரீரங்கத்துக்கு ரெண்டு பஸ் பேசி அனுப்பியிருந்தோம். கோயில் வாசலில் நின்னு, இறங்க இறங்க நான்தான் எண்ணினேன்.

மாப்பிள்ளையையும் சேர்த்து, மூணு.