தெற்கு பார்த்த தகடு

"இது இன்னாத்துக்குத் தெக்கப் பாத்துக்கினு கீது?" என்று கேட்டார் வந்தவர்.

பால்வாடி மாடியில் மாட்டியிருந்த சோலார் தகட்டை அன்னபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அவள் பிள்ளைப்பாக்கம் பால்வாடி டீச்சர். தொண்ணூற்றொன்றாம் வருடம் அது. சோலார் என்ற சொல்லே ஊருக்குப் புதிது. கரண்ட் இல்லாத பால்வாடியில் வெயிலை வைத்தே விளக்கெரிக்கலாம் என்று தண்டலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தார் பயிற்சி கொடுத்து, தகடும் பேட்டரியும் அனுப்பியிருந்தார்கள். "எங்க ஆள் வந்து பார்ப்பார். சரியா மாட்டலைன்னா கழற்றி அடுத்த ஊருக்குக் கொடுத்துடுவோம்" என்றும் சொல்லியிருந்தார்கள். பயிற்சியில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

இன்று காலை, தோளில் பையோடு மாடியேறி வந்து, "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் சும்மா நிக்கிறேன்" என்று இவர் சொன்னதுமே அவளுக்கு விளங்கிவிட்டது, வந்த ஆள் யாரென்று.

"தெக்கதான் சார் சொன்னாங்க..."

"அப்போ காலைல கெழக்கால அடிக்கிற வெயிலு?" அவர் தாடையைச் சொறிந்தார்.

கிளியம்மாள் அன்னபுஷ்பத்தின் காதைக் கடித்தாள். அவளும், ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் முனிரத்தினமும்தான் கூலி வாங்காமல் உதவ வந்தவர்கள். "தப்பா மாட்டிட்டோம் டீச்சர். அதத்தான் ஜாடையா சொல்றாரு. திருப்பிடலாம்."

போல்ட்டெல்லாம் கழற்றித் தகட்டைக் கிழக்கே திருப்பினார்கள்.

"தென்ன மர நெழலு வுழாது?"

மறுபடியும் கழற்றினார்கள். மாடியின் மறுகோடிக்குத் தூக்கிப் போனால் வயர் எட்டவில்லை. கீழ் அறையிலிருந்த பேட்டரியை முனிரத்தினம் மாடிக்குச் சுமந்து வந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"மழ பேஞ்சா இது நனையாது?"

முனிரத்தினம் அவரை ஒரு முறை முறைத்தான். ஆனாலும் பேட்டரியை இறக்கினான். வயர் எட்ட வேண்டுமே என்று தகடும் பழைய இடத்துக்கே வந்து, பழையபடி தெற்கே பார்த்தது.

வந்தவர் விடவில்லை. அவர்கள் பின்னாலேயே கீழே இறங்கி வந்து பேட்டரி முன் குந்தினார். "செவப்பு வயரு இதுல, கறுப்பு அதுல. மாத்திக் குடுத்தா இன்னா ஆவும்?"

கிளியம்மாள் பதறிப்போய் மாற்றிக் கொடுத்தாள்.

பட்டென்று ஒரு சத்தம். பியூஸ் போனது.

"ஓ, இப்பிடித்தான் ஆவுமா!" என்று அவர் ஆசை ஆசையாகக் குனிந்து பார்த்தார்.

கையில் மிச்சம் ஒரே பியூஸ். அன்னபுஷ்பத்துக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"சார், கோச்சிக்காதீங்க. தகட்ட வேணும்னா எடுத்துக்கினு போங்க. ஆனா வேல முடியிற வரைக்கும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் போச்சு என்று கிளியம்மாள் கையை உதறினாள்.

கேள்விகள் நின்றதும் அன்னபுஷ்பம் முதன்முறையாக நிதானமாக யோசித்தாள். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினாள். பியூஸைச் சொருகினாள். தகடு மீதி வெயிலைக் குடித்தது.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைத் தட்டினாள். டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டியது. பிறகு சுவரில் வரைந்திருந்த கிளியும் அணிலும் பளிச்சென்று தெரிந்தன. முனிரத்தினம் இடுப்புவலியை மறந்து குதித்தான். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் வந்தவர்தான்.

"சார், தகடு எங்களுக்குத்தானே?" என்றாள் அன்னபுஷ்பம்.

அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் மூச்சிரைக்கத் தலையை நீட்டினார்.

"லைன்மேன் அண்ணே, இங்கியா கீற? காலைலருந்து ரோட்டு மொனைல கம்பத்த லாரில வெச்சிக்கினு உனக்காகக் காத்துக்கினு கீறோம். இந்தப் பால்வாடிக்குக் கரண்ட் குடுக்கத்தான உன்ன அனுப்பினாங்க?"