வராந்தா நிபுணர்

நோயாளி உள்ளே இருப்பார். மருத்துவரும் உள்ளே இருப்பார். நோயைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பார். ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஆராய்ந்து, மூன்று முறை முனகி, அடுத்த கட்டில்காரரின் மாத்திரையையும் மாற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் அந்த மகானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த நோய்க்கும் அவரிடம் அம்பாசமுத்திரத்து ஆள் ஒருவரின் கதை உண்டு. அந்த ஆட்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

கால் முறிந்த என் மைத்துனனுக்குத் துணையாகத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் கண்ட மகானின் பெயர் பூதத்தான். அவருடைய அண்ணன் மகன் மாரிராஜ் முக்கூடலில் லோடு வண்டி ஓட்டுபவன். வாழைத்தார் ஏற்றி வரும்போது புளியமரத்தில் மோதி, மூக்கையும் இரண்டு தாடைகளையும் உடைத்துக்கொண்டு வந்திருந்தான்.

மயக்க மருந்து டாக்டர் மைதீன் பாத்திமா, மாரிராஜின் மனைவி கலைச்செல்வியை உட்காரவைத்து விளக்கினார்.

“மூக்கு நொறுங்கிட்டு, அது வழியா மூச்சுக்குழாய் விட முடியாதும்மா. வாய்க்குள்ள குழாய் கிடந்தா தாடை ரெண்டையும் சேத்துக் கம்பி கட்ட முடியாது. அதனால தாடைக்கு அடியில சின்னதா கீறி, குழாயை அது வழியா வெளிய எடுப்போம். அதுக்குத் தோது இல்லைன்னா தொண்டையில துளை போடணும். பிறகு அது மூடிரும். ஆபரேஷன் வரைக்கும் அவரைப் படுக்க வைக்காதீங்க. மல்லாந்தா மூச்சு அடைச்சிரும்.”

கலைச்செல்வி பேனாவை எடுத்தாள். பூதத்தான் சம்மதத் தாளை எடுத்துக்கொண்டார்.

“மூஞ்சி உடைஞ்சதுக்குத் தொண்டையில என்ன சோலி? ஏ பிள்ள, அம்பாசமுத்திரத்துல ஒருத்தனுக்கு இப்படித்தான் ஓட்டை போட்டானுவ. பேச்சே போச்சு!”

“அவருக்கு என்ன நோவு மாமா?”

“அதா இப்ப முக்கியம்?”

நிபுணரிடம் விவரம் கேட்பது மரியாதைக் குறைவல்லவா? அரைமணி நேரத்தில் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நாலு போன் பேசி, தெரிந்தவர் ஆம்புலன்ஸை வரவழைத்து, இப்போது அனுப்புவது ஆபத்து என்று வழிமறித்த பாத்திமாவிடம், “நான் எத்தனை ஆஸ்பத்திரி பாத்தவன் தெரியுமா?” என்று கேட்டு, மாரிராஜை ஸ்ட்ரெச்சரில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பார்த்தது உண்மைதான். சுவரை.

உட்கார்ந்திருந்தவனை வண்டிக்குள் தோளைப் பிடித்து அழுத்தினார். “பைய சாஞ்சுக்க லே. மதுரை வரைக்கும் உக்காந்துகிட்டா போவ?”

மாரிராஜ் சாய்ந்தான். தொண்டைக்குள் ரத்தம் களகளத்தது. கைகால்களை உதறினான். நகங்கள் நீலம் பாரித்தன.

“வலியில துடிக்கான். வேற ஒண்ணுமில்ல,” என்றார் நிபுணர்.

அவர் எதிரே அதுவரை நிமிர்ந்து நின்றுகூடப் பேசாத கலைச்செல்வி வண்டிக்குள் பாய்ந்தாள். “கைய எடும்வே!”

மாமனார் முறைக்காரரை ‘வே’ என்கிறாளே என்று வாசலே திகைத்தது. அவள் கவலைப்படவில்லை. கணவனைத் தூக்கி நிமிர்த்தித் தன் தோளில் முன்பக்கமாகச் சாய்த்தாள். அவள் முதுகெல்லாம் ரத்தம் வழிந்தது. அவனுக்கு ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

“டாக்டரம்மா!”

ஓடி வந்த பாத்திமா பார்த்ததுமே சொன்னார்: “இனி தாடை வழியெல்லாம் யோசிக்க நேரமில்ல. தொண்டைதான்.”

கலைச்செல்வி கணவனின் கண்ணைப் பார்த்து, “சம்மதமா?” என்றாள். அவன் அவள் கையை இறுக்கினான். பூதத்தானிடமிருந்த தாளைப் பிடுங்கி, ஆம்புலன்ஸ் கதவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவனை உள்ளே கொண்டுபோய், நிமிர்ந்து உட்காரவைத்தபடியே தொண்டையை மரத்துப்போகச் செய்து, துளை போட்டுக் குழாய் செருகினார்கள். அதன்பிறகே மயக்கம் கொடுத்து, ஐந்து மணி நேரம் முகத்தை ஒட்டவைத்தார்கள்.

பன்னிரண்டு நாள் மாரிராஜ் கைபேசியில் தட்டச்சு செய்துதான் பேசினான். குழாயை எடுத்த அன்று, தொண்டையில் போட்ட கட்டின்மேல் விரலை அழுத்தி, கம்பி கட்டிய பற்களுக்கிடையே, “பசிக்கி” என்றான். கலைச்செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதே வேளையில் பூதத்தான் வெளியே யாரோ ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “தொண்டையில துளை போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தப் பிள்ளதான் கேக்கல.”

கேட்டபடியே கலைச்செல்வி வெளியே வந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த, நோயாளியைப் பார்க்க வருவோருக்கான அனுமதிச் சீட்டை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தண்டனை பெரிதா? கரையில் போட்ட மீன்போல் கிடந்தார்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும், ‘தொண்டையை அறுக்காமல் வேறு வழி இருந்திருக்குமே’ என்று நடுவில் எங்காவது தோன்றியதா? அப்படியானால் சொந்தக்காரர் யாரேனும் ஆஸ்பத்திரியில் படுத்தால், தயவுசெய்து பழங்களைக் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போகாதீர்கள்.