ஜனார்த்தனன் பொருத்திய கணினி

பிராசசர் மதர்போர்டில் உட்கார மறுத்தது. ஜனார்த்தனன் அதை நான்கு பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டார். இரண்டும் சதுரம்தான். ஆனால் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டுகள் மட்டும் ஒன்றோடொன்று சேருவேனா என்றன.

"கொஞ்சம் அழுத்திப் பாக்கவா?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அவர் மனைவி பிரேமிளா நிமிரவில்லை. "அழுத்தாதீங்க. கடைக்கே கொண்டு போய்க் கேளுங்க."

கண்டி மாநகரசபையில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்து, சித்திரையில் ஓய்வு பெற்றவர் ஜனார்த்தனன். முதல் மாதம் சமையலறைப் போத்தல்களுக்கெல்லாம் இலக்கம் போட்டு ஒட்டினார். இரண்டாம் மாதம் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, சோறு வேக எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்தார். பிரேமிளா வீட்டில் நடத்தும் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளைகளுக்கு முந்தித் தானே விடை சொன்னார்.

அந்த நேரத்தில்தான் வினாத்தாள் அடிக்க ஒரு கணினி இருந்தால் நல்லது என்றாள் அவள். சொல்லி வாய் மூடவில்லை, முழுசாக வாங்குவானேன், சாமான்களை வாங்கி நானே பொருத்துகிறேன் என்று அவர் கிளம்பிவிட்டார். தன்னிடம் படித்த பஸ்லினா அக்குறணையில் கணினிக் கடை வைத்திருக்கிறாள், எல்லாவற்றையும் அவளிடமே வாங்குங்கள் என்று மட்டும் பிரேமிளா சொன்னாள்.

பிராசசர் உட்கார மறுத்த மறுநாள், அதையும் போர்டையும் எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி அக்குறணைக்குப் போனார். பஸ்லினா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது வேறு தலைமுறை, அது வேறு தலைமுறை என்று வருத்தப்பட்டாள்.

"ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் சேர். வேற போர்ட் தாரன்."

புதுப் போர்டில் பிராசசர் மெத்தையில் படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது. ஆனால் முன்பு வாங்கிய ரேம் அதில் நுழையவில்லை. அடுத்த வாரம் ரேமை மாற்றினார். ரேம் நுழைந்தது; இப்போது போர்டே கேசிங் பெட்டியைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தது. அடுத்த வாரம் கேசிங்கை மாற்றினார். பெரிய கேசிங்கை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தபோது, நடத்துனர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்கலாமா என்று யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கேசிங் மேசைக்குக் கீழே போகவில்லை. மேசையின் குறுக்குச் சட்டத்தை வாளால் அறுத்தார். கேசிங் போனது, மேசை ஆடத் தொடங்கியது. பிரேமிளா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ ஒரு பழைய வினாத்தாளை மடித்து மேசைக் காலுக்கடியில் செருகிவிட்டு, "இன்னைக்கு என்ன பொருந்தல?" என்று கேட்டாள். பவர் சப்ளையில் போர்டுக்கு வேண்டிய இரண்டாவது வயர் இல்லவே இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து முழுவதையும் கேட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் பேச்சை அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை.

போத்தல் இலக்கங்கள் உரிந்து விழுந்தன. மீண்டும் ஒட்ட அவருக்கு நேரமில்லை. சலூனில் ஒருவர், மகளுக்குக் கொம்பியூட்டர் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று அவரிடம் யோசனை கேட்டார். வேலையை விட்ட பிறகு ஜனார்த்தனனிடம் ஒரு மனிதர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதி வெட்டிய தலையோடு அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்.

எட்டாவது வாரம் வயர்களெல்லாம் சேர்ந்தன. விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மொனிட்டரின் வயர் பழைய மாதிரி, போர்டின் துளை புது மாதிரி. மறுபடியும் அக்குறணை. இந்த முறை பஸ்லினா கடையை இரண்டு தரம் சுற்றித் தேடிவிட்டு, ஏனோ பெருமூச்சு விட்டு, ஒரு சின்ன இணைப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. ஜனார்த்தனனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேமிளாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதிரையில் உட்கார வைத்தார். அவள் தன் பெயரை அடித்தாள். அது திரையில் வந்தது. திரும்பி அவர் தோளைத் தொட்டாள்.

"நீங்களே செஞ்சிட்டீங்களே," என்றாள். பெருமையோடு அவள் முகத்தில் கொஞ்சம் கவலையும் இருந்ததுபோலப் பட்டது. "இனி என்ன செய்யப் போறீங்க?"

முதலில் பஸ்லினாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். அவருடைய போனில் சார்ஜ் இல்லை. பிரேமிளா வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கப் போயிருந்தாள். மேசை மேலிருந்த அவளுடைய போனை எடுத்துக் கடைக்கு அழைத்தார். அவர் ஹலோ சொல்வதற்குள் பஸ்லினாவின் குரல் முந்திக்கொண்டது.

"டீச்சர், கோவிச்சிராதீங்க, மூணு மாசமாவது இழுக்கச் சொன்னீங்க, ஆனா பொருந்தாத சாமானெல்லாம் கடையில முடிஞ்சி போச்சி, இந்தத் தடவ சரியானதத்தான் குடுத்தனுப்ப வேண்டியதாப் போச்சி."