குருசடியில் நிற்கும் ஜீப்பு

சேசு, மரி, சூசையின் காவலில் கஞ்சிக்கோட்டில் சுகமாக இருக்கும் தம்பி சிஜுவுக்கும் ஜின்சிக்கும், ஏலப்பாறை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து மதினி பிலோமி எழுதிக்கொள்வது. போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் ஜின்சி திருத்தி வாசிக்கட்டும்.

உங்க அண்ணன் போன பிறகு, அவருடைய கீறல் விழுந்த போனில் அந்த ஜீப்பு விளையாட்டையே பார்த்துக்கொண்டு நான் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறேன் என்று, புதுப் போனைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போனீர்களே, "கடையில குடுத்துரட்டுமா மதினி?" என்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள் தம்பி. அதே ஜீப்பு, அதே மலைரோடுதான், ஆனால் புதுசில் வருகிற படம் இருக்கிறதே, வரைந்தவன் கைக்குக் காப்பு செய்து போடணும். பழசில் ஜீப்பு தீப்பெட்டி, மரம் முக்கோணம், மேகம் இட்லி. இதிலே மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழிகிறது. முதல் நாள் அந்த மழைச் சத்தத்துக்கு நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தால், வெளியே சுள்ளென்று வெயில். பக்கத்து வீட்டு வேலுத்தாய், "ஏன்க்கா, வெயிலு துணிய நனச்சிருமா?" என்று சிரித்தாள். சிரித்தவளை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். நாலாவது வளைவில், குட்டிக்கானம் பஸ்ஸில் வருமே அதே மாதிரி அவளுக்குக் குமட்டி, "ஜீப்ப நிப்பாட்டுக்கா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். எலுமிச்சம்பழம் கொடுத்துத்தான் தெளிந்தது. படத்தில் ரோட்டோரத்துத் தேயிலையைப் பாருங்கள், பறிக்க ஆளில்லாமல் கொழுந்தெல்லாம் முற்றிக் கிடக்கிறது, எனக்குக் கை துறுதுறு என்கிறது, அவ்வளவு அசல்!

பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தத் தீப்பெட்டியையும் எஸ்டேட் ஜீப்பை ஓட்டுகிற மரியாதையோடுதான் ஓட்டுவார். ஒரு வளைவில் வெள்ளையாகப் பெட்டி ஒன்று நிற்கும், அது ரோட்டோரத்து மாதா கெபி, குருசடியாம். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நிறுத்தி, சிலுவை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மற்ற ஜீப்பெல்லாம் பறந்துவிடும். "இன்னைக்கும் கடைசிதானா?" என்றால், "மாதாவுக்கு நிக்காம மொத ஆளா போயி என்னடி செய்யப்போறேன்?" என்பார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும் அங்கேதான் நிறுத்தி, போனை என் கையில் தந்தார். "நான் வந்து எடுத்துக்கிடுதேன், நீ தொடாத" என்றார். நான் தொடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, அது போகட்டும். மாதா உங்கள் இருவரையும் நிழல்போல் காக்கட்டும். ஜின்சியை வெறும் வயிற்றில் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன் மதினி,
பிலோமி மத்தியாஸ்

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒரு தடவை ஓட்டினேன். அன்று வேலுத்தாயின் குமட்டலோடு நிறுத்தியதுதான், குருசடி வளைவு வரை இதுவரை போனதே இல்லை. இன்று போனேன். அவரை நினைத்து ஜீப்பை நிறுத்தி, முக்காடு போட்டு, சிலுவையும் போட்டேன். மூடுபனி விலகியது. பளிச்சென்று தெரிகிறது தம்பி, அது கக்கூஸ். ஒருத்தன் கதவைத் திறந்து பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வருகிறான். அவர் போனபிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன், கண்ணீர் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. படத்தைக் குறை சொல்லமாட்டேன், நல்ல படம். ஆனால் பழைய போனைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அதில் அது இன்னும் குருசடிதான். ஜீப்பை யாரும் தொடாமல், சார்ஜ் மட்டும் போட்டு அனுப்பிவையுங்கள்.