நீல வாரத்தில் வந்த சிவப்பு

நமது சாயப்பட்டறையின் இந்நாள் சக்கரவர்த்தியும் என் அக்கா பெற்ற ஒரே முரடனுமான மாப்பிள்ளைக்கு, அதே சிம்மாசனத்திலிருந்து ஓய்வுபெற்ற உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் என் மீசையும் நலம். அங்கே நீ நலம்தானா என்பதில் சந்தேகம். ஆகவே, யாருமே நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும்.

நேற்று உன் அம்மா போனில் அழுதாள். போன வாரம் உனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதாம், மறுநாளே தெளிந்துவிட்டதாம், டாக்டரிடம் போடா என்றால், "சாயத்துலயே கிடக்கறவனுக்குக் கொஞ்சம் சாயம் இறங்காதாம்மா?" என்று சிரித்தாயாம். அடேய், இந்த ஞானத்தையெல்லாம் உனக்கு முன்பே கரைத்துக் குடித்தவன் நான்!

போன வருஷம், பட்டறையை உன்னிடம் ஒப்படைக்கும் முன், எனக்கும் இப்படித்தான். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். துளி வலியில்லை, எரிச்சலில்லை. சிவப்போ, அஸ்தமனச் சூரியனே வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் சிவப்பு. நான் பயப்படுவேனா? ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேராகப் போய்க் கலர் மாஸ்டரிடம் நீட்டினேன். மனிதர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, நிறம் ஒப்பிடும் ஷேடு கார்டைப் பக்கத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, "முதலாளி, இது நம்ம மெரூன்தான். தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். "மெரூனா? கண்ணைத் துடைச்சுட்டுப் பாருய்யா, ரோஸ்!" என்றார் பாய்லர்காரர். பட்டறை இரண்டு கட்சியாகப் பிரிந்து, இயந்திரங்கள் நின்று, சாயம் போட ஆளில்லாமல் ஊர் முழுக்க வெள்ளைச் சட்டையில் திரிய, கடைசியில் மெரூன் கட்சி வென்று என்னைத் தோளில் தூக்கி ஊர்வலம் வந்தது. வெற்றி வீரனாக வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னால், உன் அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "இந்த வாரம் பட்டறையில என்ன கலருங்க ஓடுது?" என்றாள்.

"நீலம்."

"அப்ப சிவப்பு எங்கருந்து வந்துச்சாம்?"

அடுத்த அரைமணியில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்து, ஸ்கேன் எடுத்து, பிறகு மெல்லிய குழாயில் கேமராவை மாட்டி உள்ளே அனுப்பினார். எந்த வழியாக என்று கேட்காதே. மரத்துப்போக மருந்து வைத்தார்கள், நான் அலட்சியமாகக் கூரையிலிருந்த பல்லியை நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். திரையில் என் சிறுநீர்ப்பை மாளிகையாகத் தெரிந்தது. அதன் சுவரில் மலைபோல ஒரு கட்டி.

"புற்றுநோய்தான். ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. சிகரெட் பிடிப்பீங்களா?"

"அளவாத்தாம்மா. பட்டறைப் புகைபோக்கி கோவிச்சுக்காத அளவுக்கு."

"அந்தப் புகையோட விஷம் ரத்தத்துல கலந்து, சிறுநீர்ல இறங்கி, பையில மணிக்கணக்கா ஊறுது. சாயத்துக்குப் போடற சில ரசாயனமும் அப்படித்தான். நீங்க ரெண்டையும் விட்டுவைக்கலை போலிருக்கே."

அதே வழியாகக் கருவியை விட்டு அந்த மலையைச் சுரண்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியே எழுந்து நின்று கைதட்டியது. மறுபடி முளைக்கும் குணம் அதற்கு உண்டாம், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை கேமரா உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது.

உனக்கு வந்தது கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், பெரிதாக ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டரம்மா, நீ இல்லை. 'தானே நின்னுபோச்சே' என்று தப்பிக்கப் பார்க்காதே, எனக்கும்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றது, கட்டி உள்ளேயேதான் இருந்தது. வியாழக்கிழமை காலைக்கு உனக்கு நேரம் வாங்கிவிட்டேன். நானே வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவேன். சட்டைப்பையில் சிகரெட் இருந்தால் வாசலிலேயே பறிமுதல்.

நூறு வயதைத் தாண்டி, என்னையும் மிஞ்சிப் புளுகி, உன் மருமகன்களின் பொறுமையைச் சோதிப்பாயாக என்று ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்

பின்குறிப்பு: பாட்டிலை நான் யாரிடமும் நீட்டவில்லை. கட்சி, ஊர்வலம், கைதட்டல் எல்லாம் கட்டுக்கதை. மலை என்றது ஒரு மிளகளவு. பல்லியை யார் பார்த்தார்கள்? கண்ணை இறுக மூடி உன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சிவப்பு வந்தபோது துளிகூட வலிக்கவில்லை என்று எழுதினேன் பார், அது மட்டும் நிஜம்.