தாங்கள் தந்த தொலைநோக்கியைத் திரும்ப எடுத்துப்போவது தொடர்பாக

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும். மகள் சற்றுக் கூடுதலாகச் சுகமாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை. இங்கே உங்கள் அத்தை நலம். நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக நீங்கள் கொடுத்த தொலைநோக்கியும் நலம். நான்தான் நலமாக இல்லை. போனில் சொல்லலாம், ஆனால் போனில் நான் கோபப்படும்போதெல்லாம் அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்கிறது. அது என் மகள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை மேல் கோபப்படுவது மரியாதை ஆகாது என்பதால் நான் இங்கே திட்டப்போவதெல்லாம் அந்தத் தொலைநோக்கிப் பெட்டியைத்தான். நீங்கள் குறுக்கே வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். பிரிவு உபசார விழாவில் கையில் மைக்கைக் கொடுத்தால் மனுஷன் சும்மா இருப்பானா? காத்திருக்கும் இடத்துக்குப் புது வண்ணம் அடிக்கப்போகிறார்கள், பெஞ்சுக்கு எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது என்று தலைமை டாக்டர் சொன்னார். "அந்தச் சுவருக்கு என் கையாலேயே வானத்தைப் படம் எடுத்து மாட்டறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினீர்கள், மறந்திருக்காது. வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. பெரிய ஃபிரேமாக வாங்கி, உள்ளே ஒன்றுமே இல்லாமல், சுவரில் மாட்டியும் வைத்துவிட்டார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீஷியன் அம்மா அதைத் தினமும் போனில் பிடித்து எனக்கு அனுப்பி, "சார், நோயாளிங்க எல்லாம் இது என்ன படம்னு கேக்கறாங்க" என்கிறார். இன்று புதன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மொட்டைமாடியில் வைத்து, போனில் நீர்ச்சுழி என்ற விண்மீன் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி தானே கையைத் தூக்கியது, தானே திரும்பியது, தானே நின்றது, பத்து விநாடி கழித்து ஒரு படம் காட்டியது. புகைபிடித்த சுவரில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல ஒரு கறை. அதுவும் நடுவில் இல்லை, சற்று ஓரமாக. எனக்கு வந்ததே கோபம்! நெஞ்சைப் படம் எடுக்கும்போது ஆள் கோணலாக நின்றால் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவது என் தொழில், ஆகவே பெட்டியின் தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினேன், அது போனில் ஏதோ சிவப்பாகக் கத்தியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, பத்து விநாடி, படம், நிறுத்தினேன், கறை, திருப்பினேன், கத்தியது, இப்படிப் பதினோரு தடவை. நீங்கள் போனில் "நிறுத்தாதீங்க மாமா, அது பாட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டே இருக்கும், எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும்" என்றீர்கள். மாப்பிள்ளை, ஒரு ஆளுக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. அதுதான் நான் படித்த படிப்பு. சரியாக வரவில்லை என்று மூன்றாவது எடுத்தால் எங்கள் பழைய டாக்டர் "அவரை வறுக்கப் போறியா?" என்று கேட்பார். அதே ஆளை முந்நூறு தடவை எடுக்கச் சொல்கிறீர்களே, அந்த விண்மீன் மண்டலம் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? அதுமட்டுமா, பெட்டி என் படங்களை "நிராகரிக்கப்பட்டது" என்று போனில் எழுதிக் காட்டுகிறது. ஊரில் பாதிப் பேருடைய எலும்பைப் பார்த்து நிராகரித்தவன் நான், என்னை நிராகரிக்க அது யார்?

இதற்கு நடுவில் மூன்றாம் மாடிக்காரர். சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்று தினமும் எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நடக்கிறார். நடக்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது, தரையே அதிர்கிறது. திங்கட்கிழமை பொறுத்தேன். நேற்று அவர் என் பக்கம் வந்ததும் பழக்க தோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடிங்க! அசையாதீங்க!" என்று அதட்டிவிட்டேன். பாவம், மனுஷன் நிஜமாகவே பிடித்துக்கொண்டு நின்றார். "விடலாம்" என்று சொல்ல மறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் கன்றிப்போய், "யோவ், நான் என்ன உன் பேஷன்ட்டா? மொட்டைமாடி உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை. இரண்டு பேரும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நியாயம் கேட்கக் கிளம்பினோம். கிளம்பிய அவசரத்தில் பெட்டியை நிறுத்தவில்லை. லிஃப்டில் ஏறினோம். நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒரு மணி இருபது நிமிடம். மாப்பிள்ளை, ஒரு ஆளை முகத்துக்கு நேரே திட்டிவிட்டு, அதே ஆளோடு ஒரு அலமாரி அளவு இடத்தில் ஒரு மணி இருபது நிமிடம் நின்று பாருங்கள், அப்போது தெரியும்.

வெளியே வந்து மேலே ஓடினேன். அங்கேயே விட்டுப்போயிருந்த போனில் படம் தயாராக இருந்தது. என்ன சொல்ல! இரண்டு கையையும் வீசிச் சுழல்கிற அந்த மண்டலம், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு குட்டி மண்டலம், நீலமும் லேசான சிவப்புமாக, ஊசிமுனை போல நட்சத்திரங்கள். அப்படி ஒரு படத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் நின்று பாடுபட்ட நாளெல்லாம் கறை. நான் லிஃப்டில் கிடந்த நேரத்தில் இது! மூன்றாம் மாடிக்காரர் வேறு எட்டிப் பார்த்துவிட்டு, "நான் நடக்காததாலதானே வந்துச்சு? என் பேரையும் போடுங்க" என்கிறார்.

இந்தப் படத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்கிறாள் உங்கள் அத்தை. எப்படிக் கொடுப்பேன்? "என் கையால" என்று மைக்கில் சொன்னவன் நான். உங்களிடம் மறைப்பானேன், ஓய்வு பெற்று நாலு மாதமாகிறது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் இல்லாமல் வரிசை சீக்கிரம் நகர்கிறதாம், சந்தோஷமாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் இந்தப் பெட்டியும் அதையே சொல்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, போங்கள். உங்கள் அத்தையோ கொஞ்சமும் இரக்கமில்லாமல், "ஊரையெல்லாம் அசையாம இருங்க, அசையாம இருங்கன்னீங்களே, நீங்க ஒரு நாள் இருந்து பாருங்களேன்" என்கிறாள். இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவி பேசுகிற பேச்சா இது?

ஆகவே, இந்தக் கடிதம் கண்ட மறுநாளே நீங்கள் நேரில் வந்து பெட்டியை எடுத்துப் போய்விட வேண்டும். கூரியரில் அனுப்ப மாட்டேன், கொடுத்த கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஃபிரேம் காலியாகவே தொங்கட்டும், அவமானம் எனக்குத்தானே. உங்கள் தொழில் விருத்தியாகட்டும், உடம்பு திடமாக இருக்கட்டும், நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று, இவ்வளவு கோபத்திலும், மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. கடிதம் இன்னும் போகவில்லை; தபால் தலைகளை எங்கே வைத்தாள் என்று உங்கள் அத்தை சொல்ல மறுக்கிறாள். புதன்கிழமை சாயங்காலமே அவள் இரண்டு நாற்காலியை மேலே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, பொத்தானை அவளே அமுக்கி, "கையை மடியில வைங்க" என்றாள். வைத்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். முதல் இருபது நிமிடம் பெட்டியைத் திட்டினேன். அப்புறம் திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் அவள் பேசினாள். எனக்கு இரவு டூட்டி, பகல் டூட்டி, அவசர டூட்டி என்றே காலம் போய்விட்டது. நாங்கள் வேறு வேலை இல்லாமல் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசையாம். உங்களுக்குக்கூடத் தெரியுமாமே! எனக்குத் தெரியாது. படம் வந்தது. நேற்று மாட்டியாகிவிட்டது. யார் எடுத்தது என்று தலைமை டாக்டர் கேட்டார், நாங்கள் இரண்டு பேரும் என்றேன், உங்கள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகையால் நீங்கள் பெட்டியை எடுக்க வர வேண்டாம். சாப்பிட வருவதானால் தாராளமாக வாருங்கள். ஆனால் ஏழரை மணிக்கு மேல் மொட்டைமாடிப் பக்கம் வரக்கூடாது. மூன்றாம் மாடிக்காரரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. மூன்றாவது வாங்குகிற உத்தேசம் இல்லை.