துளிச் சூடும் வீண்போகாத பொயிலர்

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதி மனிதனுக்குப் பிறகு, சூடு என்ற விடயத்தில் மனித குலத்தை ஓர் அடி முன்னே நகர்த்தியவர் யார் என்று கேட்டால், பனி நாட்டுப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வசிக்கும் திரு. குணரத்தினம் அவர்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஆதி மனிதனிடம் உபகுழு இருக்கவில்லை. குணரத்தினம் அண்ணையிடம் இருந்தது. அதன் செயலாளர் நான்.

எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர் அவர். தேர்தல் வைத்தால் ஒற்றுமை குலைந்துவிடும் என்று அஞ்சி, தேர்தல் வைக்காமலே தலைவராக இருந்து வருகிறார். அப்படிப்பட்டவரின் வீட்டுப் பொயிலர் சென்ற இலையுதிர் காலத்தில் பழுதாகி இழுக்கத் தொடங்கியபோது, அதை ஒரு வீட்டுப் பிரச்சினையாக யாரும் பார்க்கவில்லை. அன்று மாலையே 'புதிய பொயிலர் தெரிவு உபகுழு' அமைந்தது.

பழைய பொயிலரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. வீட்டின் நிலவறையான பேஸ்மென்றில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு உறுமும். தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே, அறைகளைச் சூடாக்கும் மேல்வீட்டு ரேடியேற்றர்களுக்கு அனுப்புவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. ஆனால் அது பெரிய ஊதாரி. காய்ச்சிய சூட்டில் ஒரு பங்கைப் புகைக்கூண்டு வழியாகவும் இன்னொரு பங்கைத் தன் உடம்பாலும் வழியிலேயே கொட்டிவிடும்.

அந்தப் பேஸ்மென்றில் அஞ்சலீனாவும் கணவர் அருமைராசாவும் கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தார்கள். மன்னாரிலிருந்து வந்து அதிக காலமாகவில்லை. "சூடும் வாடகைக்குள்ள அடக்கம்" என்று சொல்லித்தான் அண்ணை அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். கீழே ரேடியேற்றர் கிடையாது. ஊதாரிப் பொயிலர் கொட்டிய சூட்டில் அவர்களுடைய பிள்ளை உறங்கியது, அதன் துணிகளும் காய்ந்தன. இந்த முறைகேட்டை அதுவரை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

உபகுழுவின் முதலாவது கூட்டம் பொயிலரின் முன்னிலையில், அதாவது அஞ்சலீனா சமைக்கும் குசினியில் நடைபெற்றது. பொயிலர் பூட்டும் வலன்ரைன் 'தொழில்நுட்ப ஆலோசகராக' வந்திருந்தார். அளவு நாடாவை வெளியே எடுத்தார்.

"அண்ணை, சுவர், ஜன்னல் எல்லாம் அளந்து பாத்துத்தான் எவ்வளவு வலுவில பொயிலர் வேணுமெண்டு சொல்லலாம்."

"சுவரையே நான் விருந்துக்குக் கூப்பிடுறனான்?" என்றார் அண்ணை. "ஆக்களைக் கணக்கெடும், தம்பி. பேத்தியின்ர பிறந்தநாளுக்கு எவ்வளவு சனம் வரும் எண்டு பாரும்."

எங்கள் சமூகம் சோற்றுக் கிடாரம் தெரிவு செய்வதும் இதே முறையில்தான். இன்றுவரை எந்த விருந்திலும் சோறு போதாமல் போனதில்லை. ஆகவே பொயிலரும் சனக் கணக்கில் தெரிவு செய்யப்பட வேண்டும் என்ற பிரேரணையை நான் வழிமொழிந்தேன்.

அண்ணையின் மனைவி புஷ்பவதி அக்கா மட்டும் படியில் நின்றபடி, "சனம் கூடினால் வீடு தானாச் சூடாகுமெல்லே?" என்று கேட்டார்.

"புஷ்பம், இது ரெக்னிக்கல் விசயம்," என்றார் அண்ணை. அத்துடன் அந்த விவாதம் முடிவுக்கு வந்தது. வலன்ரைனும் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய பொயிலர் விற்பதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றார்.

எவ்வளவு பெரியது என்பதுதான் அடுத்த கேள்வி. லவாலில் இருக்கும் சம்பந்தி வீட்டில் முந்தின வருடம் புதுப் பொயிலர் பூட்டியிருந்தார்கள். இரண்டு பெட்டி லட்டோடு 'நல்லெண்ணத் தூதுக்குழு' ஒன்று அங்கே சென்றது. சம்பந்தியோடு அண்ணை அரசியல் கதைத்துக்கொண்டிருக்க, நான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிப் பேஸ்மென்றுக்கு இறங்கி, அங்கே ஒட்டியிருந்த விபரங்களைப் படம் பிடித்து வந்தேன். காரில் ஏறியதும் தீர்மானம் நிறைவேறியது. சம்பந்தியின் பொயிலர் எதுவோ, அதற்கு மேலே உள்ளது எங்களுக்கு. உயர் வலு கொண்டென்சிங் பொயிலர்.

அதன் மகிமையை வலன்ரைன் இரண்டாவது கூட்டத்தில் விளக்கினார்.

"புகையோட வெளிய போற நீராவியையும் விடாது, அண்ணை. பிடிச்சுத் தண்ணியாக்கி, அதில இருக்கிற சூட்டையும் உருவி எடுத்திடும். பொயிலரைத் தொட்டுப் பாத்தால்கூடப் பெரிசாச் சுடாது. ஒரு துளிச் சூடும் வீணாப் போகாது."

நாங்கள் மெய்சிலிர்த்து நின்றோம். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அடுப்படியில் நின்ற அஞ்சலீனா, அழைக்கப்படாமலே பேசினாள்.

"அப்ப எங்களுக்கு, அண்ணை? கீழ ஒரு சின்ன ரேடியேற்றராவது பூட்டிவிடுவியளோ?"

அண்ணை கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்படுவதில்லை.

"தங்கச்சி, பொயிலரே உங்களோடதானே இருக்கப்போகுது! மேல இருக்கிற எங்களுக்கெல்லோ தூரம்."

இந்த விளக்கத்தின் ஆழத்தைக் கண்டு அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மார்கழியில் ஊதாரியை வெளியேற்றினார்கள். அதன் இடத்தில் சுவரோடு சுவராக ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. உறுமல் இல்லை, புகை இல்லை. குழாய்களுக்குக்கூடக் கறுப்பு நுரையில் உறை போட்டார்கள், வழியில் யாரும் சூட்டை எடுத்துவிடாதபடி. பெட்டி சொன்னபடியே நடந்தது. பேஸ்மென்றில் ஒரு துளியும் வீணாகவில்லை. அருமைராசா மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி வந்தார். அண்ணையே நேரில் இறங்கிப்போய் அதன் வயரைக் கழற்றி வைத்தார்.

"இப்பிடி ஒரு பொயிலர் இருக்கிற வீட்டில கரண்ட் ஹீற்றர் போட்டால், பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா வைத்தோம். பொயிலருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். பிறகு எல்லாரும் மேலே வந்தார்கள். ரொக்ஸ்பரோவிலிருந்து உறவினர், லவாலிலிருந்து சம்பந்தி குடும்பம், எங்கள் ஒன்றியத்து முழு நிர்வாகம். பொயிலரின் வலுவை விருந்தினர் நேரடியாக உணர வேண்டும் என்பதற்காக, சுவரில் இருந்த தெர்மோஸ்டாற்றை அண்ணை உச்சிவரை திருகிவிட்டிருந்தார்.

அவர்கள் உணர்ந்தார்கள். சிறிது நேரத்தில் பட்டுச் சேலைகள் முதுகில் ஒட்டின. கோட்டுகள் கழன்றன. சம்பந்தி அழைப்பிதழால் விசிறிக்கொண்டார். அவர் முகத்தில் வழிந்த வேர்வையை அண்ணை ஒரு விருதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கடைசியில் வீட்டு ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணை தலைமை உரை ஆற்றினார். "இந்த வீட்டில் இனி ஒரு துளிச் சூடும் வீண்போகாது என்று உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகின்றேன்." கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை அஞ்சலீனாவுக்கு. பொயிலரோடு கூடவே குடியிருக்கும் பாக்கியம் பெற்றவள் என்பதால் நான்தான் அவள் பெயரைப் போட்டிருந்தேன். குளிர் கோட்டைக் கழற்றாமலே படியேறி வந்தாள். பிள்ளை பனி உடுப்புக்குள் இருந்தது. மூக்கு மட்டும் தெரிந்தது.

"எனக்கு மேடையில கதைச்சுப் பழக்கமில்லை," என்று தொடங்கினாள். "பொயிலர் நல்லா வேலை செய்யுது. அதில ஒரு குறையும் சொல்லேலாது. இவ்வளவு காலமும் எங்களுக்கு வந்தது வீணாப் போன சூடு எண்டு இப்பதான் எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு இருமல் நிக்குதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. இண்டைக்கு இரவு மட்டும் இவனை இஞ்ச ஒரு மூலையில கிடத்தட்டே, அண்ணை?"

என் கண்கூடக் கொஞ்சம் நனைந்தது. வேர்வையாகத்தான் இருக்க வேண்டும்.

குணரத்தினம் அண்ணை எழுந்து வந்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ, பிள்ளை குளிர்ந்துபோய்க் கிடக்கு! ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கு, தங்கச்சி. பனிக்காத்து அடிக்குது. இவனை இதில வைச்சிருக்காதேங்கோ. கெதியாக் கீழ கொண்டு போங்கோ."

"ஜன்னலைச் சாத்தினால் என்ன, அண்ணை?"

"சாத்தினால் எங்களுக்கு வேர்க்குமெல்லே?"

தலைவரின் கருணையைப் பாராட்டிச் சபை மீண்டும் கைதட்டியது. அஞ்சலீனா பிள்ளையை அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். உயர் வலுப் பொயிலரின் சூடு எல்லா ஜன்னல்களாலும் வெளியேறித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை வீண் என்று எங்கள் உபகுழுவில் ஒருவரும் சொல்லவில்லை. கீழே இருந்த பிள்ளைக்குப் போயிருந்தால்தான் அதற்கு வீண் என்று பெயர்.